தொடர்பணியைத் தூக்கி முதல் வரியில் வையுங்கள்: தமிழ் பி.எட். பிள்ளைகளுக்குத் தலைகீழ் வகுப்பறை

இன்டர்ன்ஷிப்புக்குப் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முந்தைய வாரம், இரண்டாம் ஆண்டுத் தமிழ் மெத்தட், அதாவது தமிழ் கற்பிக்கும் முறையைப் படிக்கும், பி.எட். பிள்ளைகளிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பேர் போடாமல் மூன்று விஷயம் எழுதச் சொல்வேன்: வகுப்பில் எந்த ஆன்லைன் கருவியைப் பயன்படுத்தப் போகிறீர்கள், எதற்காக, அதில் உங்களுக்கு என்ன பயம். முதல் இரண்டு கேள்விக்கும் வரும் பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். 'மாணவர்கள் ஆர்வமுடன் கற்பர்', 'கற்றல் மாணவர் மையமாக அமையும்' என்று நோட்ஸில் இருக்கும் வரிகள் அப்படியே இறங்கும். மூன்றாவது கேள்வியில்தான் எழுதியவர் தெரிவார். 'என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் போன் இருக்குமா என்றே தெரியாது.' 'வீட்டில் பார்த்துவிட்டு வா என்றால் பத்துப் பேர்கூடப் பார்க்க மாட்டார்கள்.' 'என் குரலை நானே கேட்க முடியாது, வீடியோ எப்படி எடுப்பேன்.' 'கைடு டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார்.' ஒரு வருஷம் ஒரு பெண் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது: 'விளக்கத்தை எல்லாம் வீட்டிலேயே கொடுத்துவிட்டால், அப்புறம் வகுப்பில் நான் எதற்கு?'

கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தப் பெண்ணுக்கான பதில்தான். தமிழ் மெத்தடை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆங்கில மெத்தட் எடுத்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இந்தப் பயங்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது பி.எட். படிக்கும் பலர் 2020, 2021இல் பிளஸ் ஒன், பிளஸ் டூவிலோ கல்லூரியின் தொடக்கத்திலோ இருந்தவர்கள். கேமராவை அணைத்து, மியூட் போட்டுவிட்டு, வருகைப் பதிவுக்காக மட்டும் உள்ளே நுழைந்த நாட்களை அவர்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஆன்லைன் என்றால் அவர்களுக்கு நினைவு வருவது அதுதான். அவநம்பிக்கை நியாயம். ஆனால் அன்றைக்கு நடந்தது வகுப்பைத் தூக்கிப் போனுக்குள் வைத்த வேலை. நான் சொல்லவரும் தலைகீழ் வகுப்பறை, அதாவது ஃபிளிப்டு கிளாஸ்ரூம், வேறு வேலை: விளக்கம் வீட்டுக்குப் போகும், பயிற்சி வகுப்புக்கு வரும். அதில் போன் சின்னப் பங்கு, பல நேரம் பங்கே இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கும் உதவும். 2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டி, பயணம் என்று வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகத் தங்கள் பாடத்தைப் பதிவு செய்து இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லாருமே வீட்டில் விளக்கத்தைப் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பு நேரம் முழுக்கச் சோதனைக்கும் கணக்குக்கும் இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே 1990களில் ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், பிள்ளைகளைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் ஒரு கேள்வி போட்டு, தனித்தனியாக வாக்களிக்க வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு, மறுபடி வாக்களிக்க வைத்தார். இந்த மசூர் முறையை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வரும்.

கவனித்தீர்களா, இவர்கள் எல்லாரும் அறிவியல் ஆசிரியர்கள். அறிவியலில் விளக்கம் பெரிது. மொழி வகுப்பில் விளக்கம் சின்னது, பழக்கம்தான் பெரிது. வல்லினம் மிகும் இடங்களை நாலு நிமிஷத்தில் சொல்லிவிடலாம், அது கைக்கு வர நாற்பது வாக்கியமாவது எழுதியாக வேண்டும். ஆனால் நம் பெரும்பாலான வகுப்புகளில் நாற்பது நிமிஷமும் ஆசிரியர் பேசுவார், அந்த நாற்பது வாக்கியம் வீட்டுப்பாடமாகப் போகும். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளை நோட்ஸைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும். உதவி தேவைப்படுகிற வேலையை உதவிக்கு யாரும் இல்லாத இடத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். நாம் எழுதும் பாடக்குறிப்பில் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல் என்று போய்க் கடைசியில் ஒற்றை வரியாகத் தொடர்பணி வருகிறதல்லவா, அதைத் தூக்கி முதல் வரியில் வையுங்கள். பேரையும் முன்பணி என்று மாற்றுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

எதைத் தலைகீழாக்கலாம்

முழுப் பாடத்தையும் தலைகீழாக்காதீர்கள். இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம் இருக்கிறது, அதில் ஒரு பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். இலக்கணம் நன்றாக வரும். நூல்வெளிப் பெட்டியில் இருக்கும் ஆசிரியர் குறிப்பு, சொல்லும் பொருளும் பகுதி, இவையும் வீட்டுக்கு அனுப்ப ஏற்றவை; வகுப்பில் அவற்றைப் படித்துக் காட்டிப் பத்து நிமிஷம் போக்குவதில் யாருக்கும் லாபம் இல்லை.

செய்யுளை மட்டும் அனுப்பாதீர்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டை ஒரு பிள்ளை முதல்முறை கேட்பது வகுப்பில், ஆசிரியர் குரலில், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இருக்க வேண்டும். பொருள் விளக்கத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்குப் பாட்டின் ஓசை காதில் ஏறுவதே இல்லை, அர்த்தம் தெரிந்துவிட்டதே என்று நின்றுவிடுகிறது. முதலில் பாட்டு, அப்புறம் வேண்டுமானால் மறுநாளைக்கு ஒரு முன்பணி.

போன் யார் கையில்

'உங்க வீட்டுல யாருக்கெல்லாம் போன் இல்லை, கை தூக்குங்க' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இல்லாத பிள்ளை கை தூக்காது, தூக்கினால் அன்றைக்கெல்லாம் தலை நிமிராது. சீட்டில் எழுதி வாங்குங்கள். கேள்வியும் 'இருக்கிறதா' என்று இருக்கக் கூடாது. போன் யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், உன் கைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும், இதைக் கேளுங்கள். ஒன்பது மணிக்கு அப்பா வந்த பிறகுதான் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எட்டரைக்குத் தூங்கிவிடும் பிள்ளைக்கு அந்தப் போன் இருந்தும் இல்லாததுதான்.

இந்த இடைவெளி பெரியது. இந்தியக் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த ஏசர் 2023 கல்வி ஆய்வில், ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8 சதவீதம். பையன்களில் பாதிக்கும் கீழே. வீடியோ அனுப்பினேன், ஏன் பார்க்கவில்லை என்று ஒரு பெண் பிள்ளையைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டு எண்களும் உங்கள் மனத்தில் இருக்க வேண்டும்.

முன்பணி எழுதுவது

வீட்டில் செய்ய வேண்டியது வீடியோ பார்ப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. என் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதே போன் இல்லாத முன்பணி ஒன்றுதான்.

ஒன்பதாம் வகுப்புக்கு வல்லினம் மிகும் இடங்களை எடுத்த ஒரு பயிற்சி ஆசிரியை கொடுத்த முன்பணி இது: 'பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் பெயர்ப்பலகை, சுவர் எழுத்து, அறிவிப்பு ஐந்தை, எழுதியிருக்கிறபடியே நோட்டில் எழுதி வா. திருத்தாதே. அப்புறம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார். எழுதியிருப்பதற்கும் உன் வாயில் வருவதற்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த இடத்தில் கோடு போடு.' இதோடு அரைப் பக்கத்தில் நாலே நாலு விதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எடுத்துக்காட்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இந்த முன்பணி ஏன் வேலை செய்தது என்றால், செய்யாமல் வர முடியாது, பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினாலும் தெரு மாறிவிடும், சரி தப்பு என்ற பயம் இல்லை, பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. நீங்கள் எழுதும் எந்த முன்பணியையும் இந்த நாலை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். 'பாடத்தைப் படித்துவிட்டு வா' என்பது இதில் ஒன்றில்கூடத் தேறாது. வீடியோ கொடுத்தாலும் சரி, பார்த்ததற்கு அடையாளமாகக் கையில் ஏதாவது கொண்டுவரும்படி இருக்க வேண்டும். ஒரு வாக்கியம், ஒரு கேள்வி, ஒரு பட்டியல், எதுவாக இருந்தாலும் போதும்.

குரலும் வீடியோவும்

சரி, வீடியோதான் வேண்டும் என்றால், முதலில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். நம் பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் தீக்ஷா தளத்துக்குப் போகும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. 2023இல் வந்த மணற்கேணி செயலியும் இருக்கிறது. தரமானவை நிறைய உண்டு. ஆனாலும், தெரிந்த ஆசிரியரின் குரல் என்றால் பிள்ளைகள் கூடுதலாகக் கேட்கிறார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நம்ம மிஸ் பேசுறாங்க என்று அம்மாவிடம் காட்டுகிறார்கள். ஆகவே என் குரல் நன்றாக இல்லை என்ற கவலையை விடுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தக் குரல்தான்.

முதலில் ஆடியோவில் ஆரம்பியுங்கள். வாட்ஸ்அப் குரல்செய்தி நாலு நிமிஷம் பேசினாலும் ஒரு எம்.பி.க்குள் முடிந்துவிடும், டேட்டா தீர்ந்த போனிலும் ஏதோ ஒரு நேரத்தில் இறங்கிவிடும். அதோடு ஒரு பக்கக் கையெழுத்துப் படம் ஒன்று அனுப்பினால் அதுவே பாடம். வீடியோ எடுப்பதென்றால், இரண்டு அடுக்குப் புத்தகத்தின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் போனின் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள், கீழே வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டே பேசுங்கள். முகம் தேவையில்லை. வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் கை நிழல் தாளில் விழும், ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எடுங்கள், குக்கர் விசில் மிக்ஸி சத்தம் இருக்காது. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் தலைப்பை இரண்டாக வெட்டுங்கள். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள், பிள்ளை எதிரே இருப்பதாக நினைத்துப் பேசுங்கள். தடுமாறினால் தடுமாறிவிட்டுப் போகட்டும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது யாப்பிலக்கணத்தில் அசை, சீர், தளை எல்லாவற்றையும் பதினெட்டு நிமிஷத்தில் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை மாலை அனுப்பினேன். திங்கட்கிழமை முழுதாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏழு பேர். எனக்குக் கோபம் வந்து, அந்த வகுப்பில் பாடத்தை முதலிலிருந்து திரும்ப நடத்திவிட்டேன். அடுத்த தடவை அந்த ஏழு பேரும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் மிஸ் வகுப்பில் நடத்திவிடுவார் என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன் அல்லவா. இந்த ஒரு தப்பை நீங்கள் செய்யாதீர்கள். யூடியூபில் ஏற்றினால் லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் அமைப்பில் போடுங்கள், பிள்ளைகளின் முகமோ பெயரோ எதிலும் வர வேண்டாம்.

அந்த 40 நிமிஷம்

'அப்புறம் வகுப்பில் நான் எதற்கு' என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். பெயர்ப்பலகை முன்பணி கொடுத்தாரே, அந்த வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், அதையே சொல்கிறேன்.

முதல் ஐந்து நிமிஷம் யார் கொண்டுவந்தார்கள் என்று மேஜை மேஜையாகப் போய்ப் பார்த்தார். கொண்டுவராத ஆறு பேரைத் திட்டவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, அந்த அரைப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த இரண்டு போர்டையும் பள்ளிச் சுவரில் இருந்த மூன்று அறிவிப்பையும் எழுதச் சொன்னார். பத்து நிமிஷத்தில் அவர்களும் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். வகுப்பு அவர்களுக்காக நிற்கவில்லை, அவர்கள் வெளியே நிற்கவும் இல்லை.

மற்றவர்கள் ஐந்து ஐந்து பேராகத் தங்கள் பலகைகளைக் கரும்பலகையில் எழுதினார்கள். 'மருந்து கடை', 'பாத்திர கடை', 'வாடகைக்கு கிடைக்கும்', 'இங்கு குப்பை கொட்ட கூடாது', இப்படி முப்பதுக்கு மேல் சேர்ந்தது. ஒரு பையன் எழுந்தான்.

"மிஸ், எங்க தெருவுல 'கறி கடை'ன்னு போட்டிருக்கு. அதுல க் வரணுமா?"

"நீ எப்படிச் சொல்லுவ தம்பி? வாய்விட்டுச் சொல்லு."

"கறிக்கடை."

"அப்ப?"

அவனே போய் க் போட்டான். உடனே இன்னொரு பெண், 'டீ கடை' என்பது இங்கிலீஷ் வார்த்தையாச்சே, அதற்கும் விதி உண்டா என்று கேட்க, டீக்கடை என்றுதானே நாமெல்லாம் சொல்கிறோம் என்று மூன்று பேர் பதில் சொல்ல, வகுப்பு இரண்டு பட்டது. பயிற்சி ஆசிரியை குறுக்கே போகவில்லை. எனக்கு அதுதான் அன்றைக்கு மிகவும் பிடித்தது. தங்கள் வாய்க்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள், விதி அதற்குப் பேர் கொடுக்க வந்தது. கொட்டக் கூடாது என்பதில் அகர ஈற்று வினையெச்சம், வாடகைக்குக் கிடைக்கும் என்பதில் நான்காம் வேற்றுமை, இதையெல்லாம் அவர்களே அரைப் பக்கத் தாளைப் பார்த்துப் பிரித்து எழுதினார்கள்.

அப்புறம் மசூர் முறை. கரும்பலகையில் 'தந்த பலகை' என்று எழுதி, இது யானைத் தந்தத்தில் செய்த பலகையா, யாரோ கொடுத்த பலகையா என்று கேட்டார். வாக்கெடுப்பு. ஏறக்குறைய சரிபாதி. எது சரி என்று சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிஷம் பேசி உங்கள் கட்சிக்கு இழுங்கள் என்றார். மறுபடி வாக்கெடுப்பு, இப்போது பெரும்பாலோர் கொடுத்த பலகை என்றார்கள். பெயரெச்சம் என்ற சொல்லை ஒரு பிள்ளை தானாகவே சொன்னது. தந்தத்தில் செய்தது என்றால் 'தந்தப் பலகை'. இதே மாதிரி 'கீரை கடை', 'கீரைக்கடை' வைத்துச் செய்யலாம், ஒன்று மத்தைக் கையில் கொடுக்கும், இன்னொன்று சந்தைக்கு அனுப்பும். 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இன்னும் நன்றாக இருக்கும். முதலாவது முதலாளியிடம் கேட்பது, இரண்டாவது முருகனின் வேலைக் கேட்பது.

கடைசிப் பதினைந்து நிமிஷம் ஒவ்வொருவரும் தன் தெருவுக்குப் பிழையில்லாத ஓர் அறிவிப்பு எழுதினார்கள். அந்தப் பதினைந்து நிமிஷமும் ஆசிரியை பெஞ்சுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போய்க்கொண்டே இருந்தார். முப்பத்திச் சொச்சம் பேரில் ஏறக்குறைய எல்லார் நோட்டையும் பார்த்துவிட்டார். விளக்கமாகப் பேசியிருந்தால் இதில் ஒரு நோட்டைக்கூடப் பார்த்திருக்க முடியாது. வகுப்பில் ஆசிரியர் எதற்கு என்றால் இதற்குத்தான்.

கருவிகள்

கருவிகளைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, வருஷத்துக்கு ஒன்று வரும், இலவசக் கணக்கின் கட்டுப்பாடுகள் அடிக்கடி மாறும். ஆனால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகள் கையில் போன் இல்லாத அரசுப் பள்ளிக்கு நான் முதலில் சொல்வது பிளிக்கர்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சடித்த அட்டை, அதைத் திருப்பிப் பிடிக்கும் பக்கத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி. உங்கள் ஒரே போனின் கேமராவால் வகுப்பை ஒரு வீச்சு பார்த்தால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். கூச்சப்படும் பிள்ளையும் தைரியமாக விடை சொல்லும், ஏனென்றால் அட்டையைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. கஹூட், குவிசிஸ் (இப்போதைய பேர் வேகிரவுண்ட்) போன்ற இணைய வினாடி வினாக்கள் ஹைடெக் லேப் கிடைக்கும் நாளுக்கு நல்லது, ஆனால் வேகத்துக்கு மதிப்பெண் தருவதால் மெதுவாக வாசிக்கும் பிள்ளை அடிபடும். நேர ஓட்டத்தைத் தளர்த்திவிட்டு நடத்துங்கள்.

கூகுள் ஃபார்ம் வைத்து இலக்கண வினாடி வினா போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிறுவிடைக் கேள்விக்கு அது நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். 'கொட்டக் கூடாது' என்று நீங்கள் வைத்திருந்து பிள்ளை 'கொட்டக்கூடாது' என்று சேர்த்து எழுதினால் தப்பு என்று காட்டிவிடும். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சுழி விழுவதைப் போல மோசம் எதுவும் இல்லை. ஏற்கத்தக்க எல்லா வடிவத்தையும் விடையில் சேர்த்துவிடுங்கள், அல்லது தெரிவு வினாவாக வையுங்கள். பழைய நோட்ஸ் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் ஃபார்மில் ஒட்டும்போது கிறுக்கலாகத்தான் வரும், ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இந்த வேலைக்காகவாவது தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

பேச்சுத் திறனுக்கு வாட்ஸ்அப் குரல்செய்தியை மிஞ்சி ஒன்றை நான் பார்க்கவில்லை. ல, ள, ழ வரும் நாலு வரியைக் கொடுத்து, பிள்ளையைப் படித்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் தானே கேட்டுப் பார்த்து, பிடிக்காமல் அழித்து, நாலைந்து தடவை பதிவு செய்துதான் அனுப்புவார்கள். பயிற்சி நடப்பது அந்த அழித்த நாலைந்தில்தான். பெற்றோர் எண் உள்ள குழுவில் எல்லாரும் கேட்கும்படி போடச் சொல்லாதீர்கள், உங்களுக்குத் தனியாக வரட்டும். அதற்கும் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஆங்கில மெத்தட் பிள்ளைகளுக்கு இது இன்னும் பயன்படும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை குரல்செய்தியில் பேசும்.

கைடு டீச்சரும் கமிஷனும்

வழிகாட்டி ஆசிரியரிடம் 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம் பண்ணப் போறேன் மேடம்' என்று ஆரம்பிக்காதீர்கள். இருபது வருஷம் நடத்தியவரிடம் அந்தப் பேரே ஒரு குறைகூறலாகக் கேட்கும். 'நாளைக்கு எடுக்கப் போகும் இலக்கணத்துக்கு இன்றைக்கே பிள்ளைகளிடம் ஒரு சின்ன வேலை கொடுக்கலாமா மேடம்' என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். சிலபஸ் முடியாதே என்பார். முடியும், ஏனென்றால் நீங்கள் வெட்டியது விளக்க நேரத்தை, பாடத்தை இல்லை. பாடக்குறிப்பில் முன்பணியைத் தனி வரியாக எழுதி, படிவம் மாறாமல் மற்றப் படிநிலைகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வராது. உண்மையில் 'ஆயத்தமாக வா' என்று நம் பழைய ஆசிரியர்களும் சொன்னதுதான், அவர்களிடமிருந்து யோசனையும் கேளுங்கள். எந்தப் பிள்ளை எந்தத் தெரு, யார் வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கமிஷன், அதாவது உங்கள் வகுப்பை மதிப்பிட வரும் தேர்வுக் குழு, வரும் நாளில் முதன்முறையாக இதைச் செய்து பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கே இது பழக இரண்டு மூன்று தடவை ஆகும். முதல் தடவை பாதிப் பேர் முன்பணி இல்லாமல் வருவார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள், மூன்றாவது தடவையில்தான் வகுப்பு உங்கள் பக்கம் வரும்.

அதற்கு முன்னால் கல்லூரியிலேயே ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஆறு பேர் சேருங்கள். ஒருவர் முன்பணி கொடுக்கட்டும், மற்ற ஐந்து பேரும் அன்றிரவு ஹாஸ்டலிலோ வீட்டிலோ பிள்ளைகளாக அதைச் செய்யட்டும். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். நீளமாக இருந்தது, எதற்கென்று புரியவில்லை, ரெக்கார்டு நோட் எழுத வேண்டியிருந்தது, மறந்துவிட்டேன். அந்தக் காரணங்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லாமல் விடும் காரணங்களும் அவைதான். அதன்படி முன்பணியைத் திருத்திய பிறகு பள்ளிக்குக் கொண்டுபோங்கள்.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி எழுதி வாங்குங்கள்: வீட்டில் செய்ததில் எது கஷ்டமாக இருந்தது, வகுப்பில் செய்ததில் எது பிடித்தது. அன்றிரவே நீங்களும் அரைப் பக்கம் எழுதுங்கள், மறுநாள் என்றால் பாதி மறந்துவிடும். இன்டர்ன்ஷிப் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தப் பழைய மூன்று கேள்விச் சீட்டை மறுபடி கொடுப்பேன், அப்போது இந்தக் குறிப்புகள் கையில் இருக்கட்டும்.